நகைச்சுவை எழுதியோரை நாம் மறக்கலாமோ?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப் புகும் பொருள் சிரிப்பு. நிலமும் மொழியும் உரிமையும் பற்றிப் பேச வேண்டிய மேடையிலே சிரிப்புக்கு என்ன இடம் என்று வினவுவோர் இச்சபையில் இருத்தல் கூடும். அவர்களுக்கு ஒரு வரலாற்றைக் கூறி நம் உரையைத் தொடங்குகின்றோம்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் பிரித்தானியாவிலே பொதுத் தேர்தல் நடைபெற்றது. அன்று மாலை ‘ஸ்டெப்டோ அன்ட் சன்’ என்னும் நகைச்சுவை நாடகத்தைத் தொலைக்காட்சியில் காட்டப் பி.பி.சி. ஒழுங்கு செய்திருந்தது. தொழிற்கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் அதைக் கண்டு கலங்கினார். வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளர் நாடகத்தின் முன் அமர்ந்துவிடுவர். வாக்களிக்கச் செல்லார் என்பது அவர் கணக்கு. வாக்களிப்பு முடியும்வரை நாடகத்தைத் தள்ளிவைக்குமாறு அவர் வேண்டினார், பி.பி.சி.யும் இசைந்தது. தொழிற்கட்சி நான்கே ஆசனப் பெரும்பான்மையால் ஆட்சி பெற்றது. ஒரு நாட்டின் ஆட்சியைப் பிடிக்க முனைந்தவரையே கலங்கவைத்த ஆற்றல் ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு இருந்தது என்றால், சிரிப்பைச் சிறுபொருள் என்று எவ்வாறு தள்ளுவது?

அந்நாடகத்தை எழுதியவர் யார்? ரே கோல்ற்றன், அலன் சிம்சன் என்னும் இருவர். பல்கலைக்கழகம் கண்டவர்களல்லர். இளமையிலே சயரோகம் பற்றி, மருத்துவமனைக் கட்டிலிலே கிடந்தபோது நண்பரானவர்கள். 1954இல் வானொலியிலே ஹான்கொக் என்னும் நடிகருக்கு எழுதிப் புகழ் பெற்றனர். 1962இல் அவர்கள் படைத்த நாடகத்தின் மாந்தர் பிரபுக்களல்லர். குதிரை வண்டியில் ஊர் சுற்றிக் கந்தையும் பழைய இரும்பும் சேர்க்கும் ஒரு கிழவரும் அவர் மகனும். அவர்கள் பேசியது இலண்டன் தெருப் பேச்சு. அதைக் கேட்க இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் கூடினர். எளியவனின் நாவில் வழங்கும் மொழிக்கு அரங்கிலே ஆசனம் கொடுத்தமையே அவர்களுடைய வெற்றியாகும்.

இதனைக் கேட்டு நாம் வியப்படைய வேண்டுவதில்லை. நம் மண்ணிலே அச்செயலை அவர்களுக்கு முன்னரே செய்தோர் இருந்தனர்!

புலோலியிலே பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர் க. கணபதிப்பிள்ளை அவர்கள். இலக்கணமும் கல்வெட்டும் கற்ற அப்பெரியார், யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையிலே வழங்கும் பேச்சை அப்படியே எடுத்து நாடகம் எழுதினார். ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’ முதலிய நான்கு நாடகங்கள் ‘நானாடகம்’ என்னும் பெயரால் 1940இல் நூலாயின. பதவிச் செருக்கைப் பார்த்து ஊர் சிரித்தது. கல்வியிற் பெரியவர் ஒருவர் கமக்காரனின் பேச்சை இழிவென்று எண்ணாது ஏட்டில் ஏற்றியது சிறு காரியமோ?

அவர் வழியிலே வானொலிக்கு வந்தவர் ஏழாலை தந்த இலங்கையர்கோன் அவர்கள். அலுவலாற் காரியாதிகாரி; உள்ளத்தாற் கலைஞர். ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ என்னும் அவருடைய தொடர் நாடகங்கள் இலங்கை வானொலியிலே ஒலித்தன. வானொலி நாடகத்துக்கு உயிர் கொடுத்தவர் ‘சானா’ என்று அழைக்கப்பெற்ற சண்முகநாதன் அவர்கள். இலங்கையர்கோன் 1961இலே மறைந்தார். லண்டன் கந்தையாவின் பெயர் நிலைத்தது. எழுதியவரின் பெயரோ மங்கியது.

பின்னர் வந்தவர் எஸ். ராமதாஸ். அவர் எழுதிய ‘கோமாளிகள் கும்மாளம்’ வானொலியிலே பெற்ற செல்வாக்கினால், 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம் மக்கள் தமிழ், ஐயர் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் ஆகிய நான்கும் அங்கே ஒன்றாய்க் கூடிச் சிரித்தன. இந்நாட்டின் அரசியல்வாதிகள் சாதிக்காத ஒற்றுமையை அந்நால்வரும் அரைமணி நேரத்திலே காட்டினர் எனலாம். கரவெட்டி தந்த கே. எஸ். பாலச்சந்திரன் அவர்களோ தாமே எழுதித் தனியொருவராய் நின்று நடித்த ‘அண்ணை றைட்’டிலே, நெரிசல் மிக்க பஸ் ஒன்றை முழுவதும் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் 2014இலே கனடாவிலே காலமானார்.

இவர்கள் எழுதியவற்றுள் இன்று நம் கையிலே எஞ்சியிருப்பது எவ்வளவு? அச்சேறியவை சில. எஞ்சியவை காற்றிலே ஒலித்தன, காற்றோடு போயின. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதனை எரித்தவரை வரலாறு மன்னியாது. ஆயினும், எரியாதவற்றை நாம் காத்தோமா? இடம்பெயர்வுகளிலே கைவிட்டவை ஒருபுறம் இருக்க, கறையானுக்குக் கொடுத்தவை எத்தனை? அதற்கு யாரைக் குற்றம் கூறுவது?

செல்வம் மிக்க பி.பி.சி.யே இவ்விடயத்திற் பிழைவிட்டது. நாடாவின் விலை கருதி, பழைய ஒளிப்பதிவுகள் பலவற்றை அழித்து, அந்நாடாக்களிலேயே புதியன பதிந்தது. ஆயினும் ஸ்டெப்டோ நாடகங்கள் அனைத்தும் இன்று கிடைக்கின்றன. காரணம் யாது? நிறுவனம் இழந்த சிலவற்றின் பிரதிகளை எழுதிய இருவரும் வைத்திருந்தனர். நிறுவனம் இழந்ததை எழுத்தாளன் வீட்டுப் பெட்டி காத்தது! நமக்குரிய பாடம் இதுவே.

தன் சிரிப்பைத் தான் எழுதாத இனத்தின் சிரிப்பைப் பிறர் எழுதுவர். 2000ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘தெனாலி’ திரைப்படத்திலே கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். வசனம் எழுதியவர் தமிழ்நாட்டின் கிரேசி மோகன். காண்பவற்றுக்கெல்லாம் அஞ்சும் ஓர் ஈழத்தமிழனைக் கண்டு தமிழுலகம் சிரித்தது. 2025இலே வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் நம்மவர் குடும்பம் ஒன்றின் கதையே, எழுதி இயக்கியவர் தமிழ்நாட்டு இளைஞர். அன்போடு எழுதியோரை நாம் குறை கூறவில்லை. ஆனால், நம் வீட்டுக் கிணற்றுக்குத் துலா மிதிக்க எந்நாளும் அயலவன் வர வேண்டுமா?

நம் குருதியிலே இவ்வாற்றல் வற்றிவிடவில்லை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்திலே பிறந்து, கணித ஆசிரியராய் இருந்த ரொமேஷ் ரங்கநாதன் இன்று பிரித்தானியத் தொலைக்காட்சியிலே புகழ்பெற்ற நகைச்சுவையாளர். தந்தை விட்டுச் சென்ற மதுக்கடையை ஏற்று நடத்தும் மகனின் கதையை 2018இலே தொடராக ஏனையோருடன் சேர்ந்து எழுதி நடித்தார். அங்கே ஆங்கிலத்தில் விளைவது இங்கே தமிழில் விளையாதா? விதை உண்டு, செம்மண்ணும் உண்டு, நீர் இறைப்போரே வேண்டும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் பழைய நாடகக் கையெழுத்துப் பிரதியோ ஒலிநாடாவோ உண்டா என்று இன்றே தேடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிலே காத்துவரும் நூலக நிறுவனம் இருக்கின்றது. கொடுத்தால் அழியாது, பூட்டி வைத்தால் அழியும்.

இரண்டாவது, சனசமூக நிலைய ஆண்டு விழாக்களிலே வெளிநாட்டுப் பாட்டுக்கு ஆடுவதோடு அமையாது, நம்மவர் எழுதிய நகைச்சுவை நாடகம் ஒன்றையேனும் ஆண்டுதோறும் மேடையேற்றுங்கள். எழுதியவர் பெயரை நடிகர் பெயருக்கு முன்னே அறிவியுங்கள்.

மூன்றாவது, எழுதுவோருக்குக் கூலி கொடுங்கள். பந்தற்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பணம் எண்ணிக் கொடுக்கும் நாம், எழுதியவருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்துவது நீதியன்று. பிரித்தானிய எழுத்தாளர் 1959இலேயே தமக்கெனச் சங்கம் அமைத்துத் தம் ஊதியத்துக்குப் போராடினர். வைத்தியரும் வழக்கறிஞரும் கமக்காரரும் தத்தம் உழைப்புக்கு விலை கேட்கும் நாட்டிலே, நம்மைச் சிரிக்கவைத்தவன் மட்டும் வெறுங்கையோடு வீடு திரும்புவதோ?

மொழியுரிமை என்பது கச்சேரிப் பத்திரங்களில் மட்டும் வாழ்வதன்று. அம்மொழியிலே மக்கள் மனமாரச் சிரிக்கும் நாள்வரை அது உயிரோடு இருக்கும். அச்சிரிப்பை எழுதியோரைப் போற்றுவோம்; எழுத வருவோரைத் தாங்குவோம்!

வாழ்க தமிழ்!