விசிட் விசாவில் வேலைக்குப் போகிற பிள்ளை யார் கணக்கில் வருகிறான்?

(இராமநாதபுரம் பொதுக்கூட்டத்தில் கட்சியின் தொழிலாளர் அணிச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுவதும் படியுங்கள், வளைகுடாவில் இருக்கும் நம் உறவுகளுக்கு அனுப்பி வையுங்கள்.)



எனக்கு முன்னாடி பேசினவங்க அரசியல் நிறையப் பேசிட்டாங்க. நான் ஒரே ஒரு விஷயம் பேசிட்டு உட்கார்ந்துடறேன். விசிட் விசா. அதாவது சுற்றுலா விசா. சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்குக் கொடுக்கிற விசாவில் நம்ம பிள்ளைகள் சிமெண்டு மூட்டை தூக்கப் போகிறார்கள். இந்த மாவட்டத்தில், பக்கத்துச் சிவகங்கையில், புதுக்கோட்டையில், அந்தப் பக்கம் பெரம்பலூர், கடலூர் வரைக்கும் இதுதான் நடக்கிறது. திருச்சி விமான நிலையத்தில் போய் ஒரு ராத்திரி நின்று பாருங்க, புரியும்.

ஏஜெண்ட் என்ன சொல்றான்? "தம்பி, முதல்ல விசிட்ல போயிடு. போனதும் கம்பெனி விசா அடிச்சுக் கொடுத்துடுவாங்க." பையனும் நம்புறான். அம்மா நகையை அடகு வைக்கிறாள். ஃபோனில் ஒரு பிடிஎஃப் வருது, அதுதான் விசா. 30 நாள், இல்லைன்னா 60 நாள். போய் இறங்கினால், "ரெண்டு மாசம் வேலையைப் பார்க்கட்டும், பிடிச்சிருந்தா விசா போடுவோம்" என்கிறார்கள். ரெண்டு மாசம் முடியுது. "இன்னொரு தடவை நீட்டிச்சுக்கோ" என்கிறார்கள். அந்தச் செலவும் பையன் தலையில். அதுவும் முடிஞ்சால், நாட்டை விட்டு ஒரு எட்டு வெளியே போய் புது விசாவில் திரும்பி வரணும். எக்ஸிட் அடிச்சுட்டு வர்றது என்று நம்ம பசங்க சொல்றது இதைத்தான். இப்படியே ஆறு மாசம், ஒரு வருஷம். ஊருக்கு ஃபோன் பண்ணினால் "நல்லா இருக்கேம்மா" என்பான். வேறென்ன சொல்வான்?

இந்த எக்ஸிட் சமாச்சாரம் இன்னைக்கு நேத்து வந்ததில்லை. ஈரானுக்குச் சொந்தமான கிஷ் என்று ஒரு தீவு இருக்கு. துபாயில் விசா முடிந்தவர்கள் விமானம் ஏறி அங்கே போய், ஒரு அறையில் பத்துப் பேராகப் படுத்து, புது விசா எப்ப வரும் எப்ப வரும் என்று காத்துக் கிடப்பார்கள். சிலருக்கு ரெண்டு நாளில் வரும், சிலருக்கு வாரக்கணக்கில் வராது. 2004 பிப்ரவரி 10-ஆம் தேதி அந்தத் தீவிலிருந்து சார்ஜா வந்த விமானம், இறங்குகிற நேரத்தில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த 46 பேரில் 43 பேர் செத்துப் போனார்கள். பலர் விசா புதுப்பிக்கப் போய்த் திரும்பிய தொழிலாளிகள், இந்தியர்களும் இருந்தார்கள். ஒரு முத்திரைக்காகப் போன பயணம் அது. யாருக்காவது ஞாபகம் இருக்கா?

இப்ப கணக்குக்கு வருவோம். அமீரகத்துச் சட்டம் என்ன சொல்லுது? வேலைக்கு ஆள் எடுக்கிற செலவை முதலாளிதான் ஏற்கணும், தொழிலாளி கிட்ட வாங்கக் கூடாது. வேலை அனுமதி வாங்கணும். சம்பளத்தை அரசாங்கம் பார்க்கிற மாதிரி வங்கி வழியாகப் போடணும். ஒரு வருஷம் முடிஞ்சவன் வேலையை விட்டுக் கிளம்பும்போது, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கொடுக்கணும். பையன் விசிட் விசாவில் இருந்தால்? இதில் ஒண்ணுமே இல்லை. முதலாளிக்கு அத்தனையும் மிச்சம். விசாவை நீட்டிக்கிற செலவு, எக்ஸிட் டிக்கெட், அபராதம், பயம் எல்லாம் பையனுக்கு. நம்ம பையன் சட்டத்தை ஏமாத்துறான் என்று டீக்கடையில் பேசுறாங்களே, அவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கணும். யார் பையில் காசு தங்குது?

விசா தேதி தாண்டினால் அபராதம் நாளைக்கு 50 திர்ஹம். முப்பது நாளைக்கு 1,500. மாசம் 1,200 திர்ஹம் கூலி வாங்குகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வாங்கின கூலியை விட அபராதம் அதிகம்! ஒரு வருஷம் தாண்டினால் 18,250 திர்ஹம், நம்ம காசுக்கு 4 லட்சத்துக்கு மேலே. இது போக, விசா எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ்காரன், ஆள் ஓடிப்போயிட்டான் என்று புகார் வேறு கொடுப்பான். அதுக்குப் பிறகு பையன் கல்லிவல்லி. வளைகுடாவில் இருந்தவங்களுக்கு அந்த வார்த்தை தெரியும்.

நான் அந்த நாட்டுச் சட்டத்தைக் குறை சொல்ல வரலை. அனுமதி இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கிற முதலாளிக்கு 2024-இல் அபராதத்தை ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரைக்கும் ஏத்தியிருக்காங்க. நல்ல சட்டம். ஆனால் அந்த முதலாளி மேல் புகார் கொடுக்க வேண்டியவன் யார்? அவனே தப்பான விசாவில் வேலை பார்த்தவன். வாயைத் திறந்தால் அவன் தலையும் உருளும். சம்பளம் தரலைன்னாலும் பேசாமல் இருக்கிறான். முதலாளிக்கும் அது நல்லாவே தெரியும்.

அதே நாட்டில் காசுள்ளவனுக்கு எப்படி வழி விட்டிருக்காங்க பாருங்க. 20 லட்சம் திர்ஹத்துக்குச் சொத்து வாங்கினால் கோல்டன் விசா. வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்த்து மாசம் 3,500 டாலர் சம்பாதிச்சால், தங்கி இருக்க ஒரு வருஷ விசா. அவர்களைப் பார்த்துப் பொறாமை இல்லை, இருந்துட்டுப் போகட்டும். ஆனால் அந்த வீட்டைக் கட்டினவன் மட்டும் டூரிஸ்ட்!

சரி, நம்ம பக்கம் என்ன ஓட்டை? இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. நம்ம நாட்டில் 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கு. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கும். அவர் வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகணும் என்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேணும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்ற ஒப்பந்தம் அரசாங்கக் கையில் இருக்கும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். உரிமம் வாங்கின ஏஜெண்ட் 30,000 ரூபாயும் வரியும் தாண்டி ஒரு பைசா வாங்கக் கூடாது. நல்ல பாதுகாப்புதானே? ஆனால் இது அத்தனையும் வேலை விசாவில் போகிறவனுக்கு. சுற்றுலா போகிறேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு வாசல் வழியாகத்தான் ஏஜெண்ட் நம்ம பிள்ளைகளை வெளியே தள்ளுறான். அரசாங்கக் கணக்குப்படி உங்க பையன் வேலைக்கே போகலை, ஊர் சுற்றப் போயிருக்கான். அவன் எங்கே இருக்கான், யாரிடம் இருக்கான் என்று கேட்டால், டெல்லியிலும் பதில் இல்லை, சென்னையிலும் பதில் இல்லை.

இதுக்கு விமான நிலையத்திலேயே நிறுத்திடலாம் என்று சிலர் யோசனை சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அங்கே வர்றதுக்குள்ள நகை அடகுக்குப் போயிடுச்சு, ஏஜெண்ட் காசை வாங்கிட்டான். திருச்சியில் நிறுத்தினால் கொச்சி வழியாப் போவான். நிறுத்த வேண்டிய இடம் ஊரில், பணம் கை மாறுகிறதுக்கு முன்னாடி. அதனால் நாம கேட்கிறது இது: தமிழக அரசுக்கு 1978-இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கு. ரெண்டையும் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க. வெளிநாட்டு வேலை என்று ஒருத்தன் காகிதத்தைக் காட்டினால், இது வேலை விசாவா, சுற்றுலா விசாவா, அந்த ஏஜெண்டுக்கு உரிமம் உண்டா என்று பத்து நிமிஷத்தில் சொல்கிற ஒரு மேசை மாவட்டத்துக்கு ஒண்ணு. விசிட் விசாவில் வேலைக்கு அனுப்பினவன் மேல் மோசடி வழக்கு. சமாதானம் பேசி பாதிக் காசை வாங்கிக் கொடுத்து அனுப்புகிற பஞ்சாயத்து வேண்டாம்.

அங்கே இருக்கிற தம்பிகளுக்கு ஒண்ணு சொல்லணும், நேரலையில் பார்க்கிறவங்க கேளுங்க. பொது மன்னிப்பு வரும், அப்ப போய்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீங்க. 2018-இல் ஒண்ணு வந்தது, ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை. இன்னொரு பெரிய மன்னிப்பு 2024 செப்டம்பரில் வந்தது.  தேதி முடியறதுக்குள்ள முதலாளியிடம் கறாராகக் கேளுங்க. விசா போடலைன்னா கிளம்பி வாங்க, அது தோல்வி இல்லை. பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதீங்க. மாட்டிக்கிட்டீங்கன்னா தூதரகத்துக்குப் போங்க. இந்திய சமூக நல நிதி என்று ஒண்ணு 2009-இலிருந்து இருக்கு. அது யாரோ போடுகிற பிச்சை இல்லை, தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்கும் மற்றச் சேவைகளுக்கும் நீங்க கட்டுகிற கட்டணத்தோடு சேர்த்து வாங்குகிற காசு. தொழிலாளி மேல் தப்பில்லாத நேரத்தில் சின்ன அபராதங்களைக் கட்டவும், கதியில்லாதவனுக்கு ஊர் திரும்ப டிக்கெட் எடுக்கவும், இறந்தவர் உடலைக் கொண்டு வரவும் அதில் இடம் இருக்கு. தயங்காமல் எழுதிக் கொடுங்க, கொடுத்ததுக்கு நகல் வெச்சுக்கோங்க.

மேடைக்கு இடது பக்கம் நம்ம தொழிலாளர் அணித் தோழர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்காங்க. பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற தாய்மார்கள், அவன் அனுப்பின விசா நகல் ஃபோனில் இருந்தால் காட்டுங்க. எந்த விசா, எந்தத் தேதி வரைக்கும் என்று பார்த்துச் சொல்வாங்க. புறப்படத் தயாரா இருக்கிற தம்பிகளும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் இருப்பாங்க.