தென்னைக்குத் தண்ணீரோடு உரம்



தேவதானம், சேத்தூர், மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று மலையடிவாரம் நெடுகத் தென்னந்தோப்பு வைத்திருக்கிறீர்கள். கோடையில் கிணறு இறங்கிவிடுகிறதே என்று பலரும் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டீர்கள். நல்ல காரியம். ஆனால் உரத்தை மட்டும் பழையபடி வட்டப்பாத்தி முழுக்க விசிறுகிறீர்கள். ஈரமோ சொட்டு விழுகிற நாலு இடத்தில்தான். மற்ற இடத்தில் விழுந்தது காய்ந்த மண்ணில் கிடக்கும். மழை வந்தால்தான் வேருக்குப் போகும். நம்ம பக்கம் நல்ல மழை ஐப்பசியில்தான். அதற்குள் யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். கடன் வாங்கிப் போட்ட உரம் இப்படிப் போகலாமா?

இன்னொன்றையும் பாருங்கள். காய்க்கிற தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை விடுகிறது. ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை. ஆக, மாசாமாசம் தீனி கேட்கிற மரம் இது. வறண்ட நாடுகளில் பேரீச்சைக்கும் பாசனத் தண்ணீரிலேயே உரம் கலந்து விடுகிறார்கள். இஸ்ரேலின் அரவா பாலைவனத்தில்கூட அப்படித்தான்.

காய்க்கும் மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. சொட்டுநீரில் கொடுத்தால் முக்கால் பங்கு போதும். அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மரத்துக்கு மாதம் யூரியா சுமார் 80 கிராம், பொட்டாஷ் 125 கிராம். ஏக்கருக்கு 70 மரம் என்றால் யூரியா 5.6 கிலோ, பொட்டாஷ் 8.75 கிலோ. இரண்டையும் 100 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, வென்சுரி வழியாக விடுங்கள். கரைக்கும்போது தண்ணீர் சில்லிடும். பயப்பட வேண்டாம், அது உரத்தின் குணம். பொட்டாஷ் வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு பொட்டாஷின் கசடு சொட்டுவாயை அடைக்கும்.

சூப்பர் பாஸ்பேட்டைக் குழாயில் விடவே கூடாது, அது முழுசாகக் கரையாது. ஈரம் இருக்கும்போது பாத்தியில் போட்டு மண்ணோடு கொத்திவிடுங்கள். டி.ஏ.பி. விடலாமா என்றால், உங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் கேட்க வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரில் கொஞ்சம் டி.ஏ.பி. கரைத்து, தெளிவை மட்டும் இன்னொரு பாட்டிலில் இறுத்து ராத்திரி வையுங்கள். காலையில் அது மறுபடி கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது கடினத் தண்ணீர், குழாயில் விடாதீர்கள்.

முதலில் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர், பிறகு உரக்கரைசல், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர். இந்த வரிசை மாறக்கூடாது. மோட்டார் நிற்கும்போது உரத்தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பாமல் தடுப்பு வால்வு அவசியம். அதே கிணற்றில்தானே குடிக்கவும் எடுக்கிறோம். அடைமழைக் காலத்தில் உரம் விட வேண்டாம். மழை விட்டதும் தொடரலாம்.

மரத்துக்கு 50 கிலோ தொழுவுரம் வழக்கம்போலப் போட்டே ஆகவேண்டும். மூணு மாசத்தில் காய் கூடவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். பாளை வெடித்து நெற்றாக ஒரு வருஷம் ஆகும்.

இன்னும் சொட்டுநீர் போடாதவர்கள் சிட்டா, அடங்கலோடு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் மானியம் பற்றிக் கேளுங்கள். சிறு, குறு விவசாயிகள் அதற்கான சான்றையும் கையில் எடுத்துப்போங்கள்.