அப்பத்தாவின் தோடு



என் அண்ணன் மகளுக்குப் போன வருஷம் ஒரு கேமரா வாங்கித் தந்தார்கள். கூடவே வருமே, 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ், அதுவும் இருந்தது. முதல் வேலையாக ஊருக்குப் போய், அவள் அப்பத்தாவை, அதாவது என் அம்மாவை, திண்ணையில் உட்காரவைத்து முகத்துக்கு மிக அருகில் நின்று படம் எடுத்தாள். அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது நானில்லையே தாயி. என் தோடு எங்கே?" என்றார். மூக்கு பெருத்து, கன்னம் பிதுங்கி, ஏழு கல் தோடு இரண்டும் கன்னத்துக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தன.

பெண் என்னிடம் வந்து கேட்டாள்: "சித்தப்பா, நான் எந்த லென்ஸ் வாங்கணும்?"

புதிதாகப் படம் எடுக்க வருகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். எந்த லென்ஸ், எந்த விளக்கு? நான் அவளை எதுவும் வாங்க விடவில்லை. சில வாரம் வீட்டிலேயே பயிற்சி செய்தோம். வானொலியில் படம் காட்ட முடியாதுதான். ஆனால் அந்தப் பயிற்சிக்கு வேண்டியதெல்லாம் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. பாதிக்கு வெறும் கண்ணே போதும்.

ஒரு வெள்ளை முட்டை, ஒரு மேசை விளக்கு, ஒரு வெள்ளைச் சுவர். ராத்திரியில் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி முட்டை. முட்டைக்கு ஓரடி முன்னால், சற்றே பக்கவாட்டில் விளக்கு. முட்டை சரியான வெளிச்சத்தில் பதிகிற மாதிரி ஒரு படம். பிறகு விளக்கை மட்டும் நாலடி தூரத்துக்கு நகர்த்தி, முட்டை முன்போலவே பதியும்படி ஷட்டரை மாற்றி, இன்னொரு படம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவள் நம்பவில்லை. முதல் படத்தில் சுவர் ஏறக்குறைய கறுப்பு. இரண்டாவதில் சாம்பல். "சுவரைத் தொடவே இல்லையே சித்தப்பா!"

டார்ச்சை ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள். இரண்டு மடங்கு பின்னால் போனால் வெளிச்ச வட்டம் அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்காகிறது. அதே வெளிச்சம் நாலு மடங்கு பரப்பில் பரவுவதால், ஒவ்வோர் இடத்துக்கும் கால் பங்குதான் கிடைக்கும். நாலு மடங்கு தூரம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. முதல் படத்தில் முட்டை ஓரடியில், சுவர் நாலடியில். ஆகவே முட்டைக்குக் கிடைத்ததில் பதினாறில் ஒன்றுதான் சுவருக்கு. இரண்டாவதில் முட்டை நாலடி, சுவர் ஏழடி. சுவருக்கு மூன்றில் ஒன்று கிடைத்துவிடுகிறது. பின்னணியை இருட்டாக்கக் கறுப்புத் துணி தேட வேண்டியதில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுவந்தால் போதும். பெரிய ஜன்னலின் பக்கத்தில் இந்தக் கணக்கு இத்தனை கறாராக வராது. சின்ன விளக்கில்தான் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது நிழல். நாளைக்கு நிலா தெரிந்தால் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, சுண்டுவிரல் நகத்தால் அதை மறைத்துப் பாருங்கள். முழுசாக மறைந்துவிடும். வானத்தில் சூரியனும் ஏறக்குறைய அதே அளவுதான் (சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள்). சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட சூரியன், 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கு ஒரு நகமளவு விளக்கு. அதனால்தான் உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே அப்படிக் கத்திவெட்டு நிழல். மேகம் மூடிவிட்டால் வானம் முழுக்க ஒரே விளக்காகிறது, நிழல் கரைந்துவிடுகிறது. வீட்டில் நாங்கள் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டு, அதற்குப் பின்னால் விளக்கை வைத்தோம். முட்டைக்கு இப்போது வேட்டிதான் விளக்கு. வேட்டி கிட்டே இருந்தால் நிழலின் ஓரம் பஞ்சுபோல் ஆகிறது; முட்டையைத் தள்ளிக்கொண்டே போனால் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது.

இதைச் சொல்லும்போது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்துக்கு, காசியில் இருக்கிற முற்றம் வைத்த வீடு ஒன்றைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் அரங்கமாகப் போட்டார்கள். முற்றத்தில் வானத்திலிருந்து இறங்குகிற வெளிச்சத்துக்கு நிழலே கிடையாது. ஸ்டுடியோ விளக்குகளோ ஆளுக்கு நாலு நிழல் போடும். மித்ரா அரங்கத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, அது திருப்பி அனுப்பிய வெளிச்சத்தில் படம் எடுத்தார். ஒரு துணியை வானமாக்கிவிட்டார்! சினிமா வரலாற்றில் எனக்கு இதைவிடப் பிடித்த காரியம் வேறில்லை. முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரிந்திருக்கும்.

பிறகு லென்ஸுக்கு வந்தோம். ஒரு நூலை அளந்து கொண்டோம். லென்ஸை 18இல் வைத்து, என் மூக்கிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு படம். 55இல் வைத்து, நாலரை அடியில் ஒரு படம். தலை இரண்டிலும் ஒரே அளவு. ஆனால் முகம் ஒன்றில்லை. காது மூக்குக்குச் சுமார் ஐந்து அங்குலம் பின்னால் இருக்கிறது. ஒன்றரை அடியிலிருந்து பார்த்தால் அந்த ஐந்து அங்குலம் பெரிய தூரம். மூக்கு வீங்கி, காது பின்வாங்கிவிடும். நாலரை அடியிலிருந்து பார்த்தால் அது பொருட்டே இல்லை.

"அப்ப 18 கெட்ட லென்ஸா?" என்றாள். அதற்கும் ஒரு பயிற்சி வைத்தேன். நாலரை அடியிலேயே நின்று 18இல் எடுக்கச் சொன்னேன். தலை சின்னதாக விழுந்தது. கம்ப்யூட்டரில் ஓரங்களை வெட்டித் தலையைப் பெரிதாக்கினாள். மூக்கும் காதும் 55இல் எடுத்த படத்தில் இருந்த மாதிரியே இருந்தன. படம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். முகத்தை மாற்றியது லென்ஸ் இல்லை. அவள் நின்ற இடம்.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரசோன், வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துத்தான் வேலை செய்தார். அதில் ஜூம் கிடையாது. அருகில் வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும். என் அண்ணன் மகளும் ஒரு மாதம் லென்ஸை 35இல் வைத்து, ஜூம் வளையத்தின்மேல் டேப் ஒட்டிக்கொண்டு திரிந்தாள். தெருவில் எங்கே நிற்பது என்று கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே காலுக்குத் தெரிய ஆரம்பித்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். நான் எதுவும் சொல்லவில்லை. அவளே அப்பத்தாவின் நாற்காலியை வாசல் நிலைக்கு உள்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டாள். தெருவின் வெளிச்சம் முகத்தில் இறங்கிப் பின்னால் கூடம் இருண்டது. டேப்பைப் பிரித்து, 55இல் வைத்து, படியிறங்கித் தெருவில் நின்றுகொண்டாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். பேசவில்லை. விரலால் படத்திலிருந்த தன் காதைத் தொட்டு, ஒன்று, இரண்டு என்று தோட்டின் கல்லை எண்ண ஆரம்பித்தார்.