கிளினிக் கொப்பியில் இரு பழைய மொழிகள்

சுருவிலில் இருந்து ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குப் போய்வருபவர்களின் கிளினிக் கொப்பியில் 'நெஃப்ரைட்டிஸ்', 'ரீனல்' என்று எழுதியிருந்தால் இரண்டு நோய் என்று பயப்படாதீர்கள். இரண்டுமே சிறுநீரகத்தைத்தான் சொல்கின்றன. 'நெஃப்ரைட்டிஸ்' என்பதன் வேரான 'நெஃப்ரோஸ்' கிரேக்கம், 'ரீனல்' லத்தீன் வழி வந்தது. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி அகற்றுவது. இந்த வேர்கள் ஒருசில தெரிந்தாலே முக்கால்வாசிப் பயம் போய்விடும்.

இந்தச் சொற்களைத் தமிழில் தர 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஒருவர் உழைத்தார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார், 1864 முதல் தமிழிலேயே. 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று நூல்கள் வந்தன. கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழிமேல் வைத்த நம்பிக்கை அது!

வைத்தியம் படிக்கும் பிள்ளைகளே, வேர்ச்சொற்களை விளங்கிப் படியுங்கள். பிறகு நோயாளியிடம் அதைத் தமிழில் சொல்லுங்கள். நேயர்களே, கொப்பியில் விளங்காத சொல் இருந்தால் வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.