ஒருமுறை சொன்னால் போதும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். அதை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு இனிமையில்லாத, ஆயினும் நாகரிகம் படைத்த எந்தச் சமுதாயமும் நெடுங்காலம் ஒதுக்கி வைக்க முடியாத ஒரு விஷயத்தை இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தை, எப்படியோ துணிவு பெற்று, நடந்ததை வாய்திறந்து சொல்லிவிட்ட பிறகு, போலீஸும் மருத்துவமனையும் நீதிமன்றமும் அதன் குடும்பமும் அந்தக் குழந்தையை எவ்வாறு நடத்துகின்றன என்பதே அந்த விஷயம்.

அமெரிக்காவின் தென்புறத்தில், அலபாமா மாநிலத்தில் உள்ள ஹன்ட்ஸ்வில் என்ற ஊரை, சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட் உருப்பெற்ற இடம் என்று விஞ்ஞான மாணவர்கள் அறிந்திருப்பார்கள். அந்தச் சாதனைக்குச் சற்றும் இளைக்காத மற்றொரு காரியம் அதே ஊரில் 1985-ஆம் ஆண்டு, அதிக ஆரவாரமின்றி நடந்தது என்பது என் கருத்து. ஊர் அமைந்துள்ள மாடிசன் கவுண்டியின் அரசு வழக்கறிஞராக அப்போது இருந்தவர், பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸில் நெடுங்காலம் அங்கத்தினராக இருந்த பட் கிரேமர். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகள் தம்மிடம் வந்து சேருவதற்குள் அந்தக் குழந்தைகள் என்ன பாடு பட்டு வருகிறார்கள் என்பதை அவர் கவனித்தார்.

பள்ளி ஆசிரியையிடம் ஒரு சிறுமி சொல்கிறாள். ஆசிரியை குழந்தைநலத் துறைக்குத் தெரிவிக்க, அங்கிருந்து வரும் அதிகாரி மறுபடி கேட்கிறார். அவர் போலீஸுக்கு எழுத, முதலில் ஒரு காவலரும் பின்பு துப்பறியும் அதிகாரியும் கேட்கிறார்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவில், விபத்தில் அடிபட்டவர்களுக்கு நடுவே மணிக்கணக்காகக் காத்திருந்த பிறகு, டாக்டர் கேட்கிறார். கடைசியில் வழக்கறிஞர் கேட்கிறார். நண்பர்களே, இவர்களில் எவரையும் கொடியவர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைத்தான் செய்தார்கள். ஆனால், அந்தக் கடமைகளின் கூட்டுத்தொகை அந்தச் சிறுமிக்கு இரண்டாவது கொடுமையாக முடிந்தது.

இந்த நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1962-இல் டென்வர் நகரத்து மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும், பெற்றோராலேயே அடித்து எலும்பு முறிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை அந்த நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது. அதன் பயனாக, குழந்தைக் கொடுமையை அறிந்தவர் அரசாங்கத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டங்கள் மாநிலந்தோறும் பிறந்தன. 1974-இல் மத்திய அரசும் ஒரு சட்டம் இயற்றியது. நல்ல சட்டங்களே. ஆயினும் அவை இலாகாக்களின் பொறுப்புகளைப் பெருக்கினவேயன்றி, அந்த இலாகாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு வழிசெய்யவில்லை.

கிரேமர் செய்த ஏற்பாட்டின் சிறப்பு, அவர் மேலும் ஒரு புதிய இலாகாவைப் படைக்காததுதான். போலீஸ் ஸ்டேஷனாகவோ நீதிமன்றமாகவோ ஆஸ்பத்திரியாகவோ தோன்றாத, வீடு போன்ற ஓர் இடத்தை அமைத்து, குழந்தையை இவர்களிடம் அனுப்புவதற்குப் பதிலாக இவர்கள் அனைவரையும் குழந்தை இருக்கும் இடத்துக்கு வரவழைத்தார். தேர்ச்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையோடு தனியறையில் உட்கார்ந்து பேசுவார். போலீஸ் அதிகாரியும், அரசு வழக்கறிஞரும், குழந்தைநல அதிகாரியும் வேறோர் அறையில் இருந்தபடி அதைக் கவனிப்பார்கள். தங்களுக்கு வேண்டிய விவரம் ஏதேனும் விடுபட்டிருந்தால் பேசுபவர் மூலமாகவே கேட்டுக்கொள்வார்கள். பேச்சு முழுவதும் பதிவாகும். பிறகு இவர்களோடு டாக்டரும் மனநல நிபுணரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து, அந்தக் குழந்தைக்கு இனி ஆக வேண்டியது என்ன என்று கலந்து முடிவு செய்வார்கள். இவ்வளவுதான் திட்டம். சொல்லிப் பார்த்தால் மிக எளியதாகத் தோன்றும் இதற்கு, தத்தம் அதிகார எல்லையைக் கோட்டைச்சுவர் போலக் காத்து வந்த அலுவலகங்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்பதை, நம்மூரில் ஒரு சான்றிதழுக்காக இரண்டு அலுவலகங்களுக்கிடையே நடந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். குழந்தைகள் ஆதரவு மையம் என்று வழங்கும் இந்த ஸ்தாபனங்கள் இன்று அமெரிக்காவில் 900-க்கு மேல் இருக்கின்றன.

ஒரே தடவை கேட்பது கருணைக்காக மட்டும் அன்று, உண்மைக்காகவும்தான். பல கைகளால் பிரதி செய்யப்பட்ட ஏட்டுச்சுவடியில் பாடபேதங்கள் மலிவது போல, பலர் பலவிதமாகத் துருவிக் கேட்ட குழந்தையின் வாக்குமூலத்தில் முரண்பாடுகள் மலிகின்றன. அந்த முரண்பாடுகளைச் சுட்டிக்காட்டியே எதிர்த்தரப்பு வக்கீல் அதன் சொல் முழுவதையும் பொய்யாக்கிவிடுகிறார்.

இங்கே நான் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தையிடம் அன்பாகப் பேசினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு, கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் நடந்த மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு ஒரு பெரிய எச்சரிக்கை. 1983-இல் ஒரு தாய் கொடுத்த புகாரில் தொடங்கிய அந்த விவகாரத்தில், நூற்றுக்கணக்கான குழந்தைகளை அழைத்து வைத்து, கையில் பொம்மைகளைக் கொடுத்து, “மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சொல்லிவிட்டார்களே” என்று தூண்டி, விரும்பிய விடை வந்தபோது மெச்சிக் கேட்டார்கள். கேட்டவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள்தான். ஆனால், விடையைத் தாமே எடுத்துக் கொடுத்துவிட்டு அதைக் குழந்தையின் வாயிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்க வரலாற்றிலேயே மிக நீண்டதும் மிகுந்த பொருட்செலவு பிடித்ததுமான வழக்குகளில் ஒன்றாக நடந்து, 1990-இல் ஒருவருக்கும் தண்டனையின்றி அது முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வாழ்வு சீரழிந்தது; அந்தக் குழந்தைகளுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, நிம்மதியும் கிடைக்கவில்லை.

அந்தப் பாடத்துக்குப் பிறகு, குழந்தையிடம் கேட்பது என்பதே ஒரு சாஸ்திரமாக வளர்ந்தது. மைக்கேல் லாம்ப் முதலிய உளநூல் அறிஞர்கள் 1990-களில் அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருந்தபடி உருவாக்கிய முறையில், விசாரணை குற்றத்தைப் பற்றித் தொடங்குவதே இல்லை. “தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்; நான் தப்பாகச் சொன்னால் நீ திருத்தலாம்” என்று முதலில் குழந்தைக்கு உரிமை கொடுக்கப்படுகிறது. பெரியவர்களைத் திருத்தும் உரிமை! நம் வீடுகளில் அது எத்தனை பிள்ளைகளுக்கு உண்டு? பிறகு அண்மையில் நடந்த பிறந்தநாளையோ பண்டிகையையோ பற்றித் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொல்லிப் பழக்குகிறார்கள். அதற்கும் பின்னரே, “இங்கே எதற்காக வந்திருக்கிறாய், சொல்லு” என்ற பொதுவான அழைப்பு. ஆம், இல்லை என்று விடை வருகிற கேள்விகளைக் கடைசி வரையில் ஒதுக்கி வைக்கிறார்கள். அவர் செய்தாரா, இவர் செய்தாரா என்று பெயரை எடுத்துக் கொடுப்பதில்லை. குழந்தை மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தையும் பொறுத்திருக்கப் பயிற்சி பெற்றவரே அந்த நாற்காலியில் அமரத் தகுதியுடையவர்.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பரிசோதனைகளில் காயத்தின் அடையாளம் எதுவும் காணப்படுவதில்லை. காணப்படாமை ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியும் ஆகாது. ஆயினும், தன் உடம்பு என்றென்றைக்கும் கெட்டுவிட்டது என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியிடம், அவளுக்குப் புரியும் மொழியில், “நீ நன்றாக இருக்கிறாய், அம்மா” என்று ஒரு டாக்டர் சொல்லும் அந்த ஒரு வாக்கியம், ஆயிரம் மருந்துக்குச் சமானம்.

இனிக் குடும்பத்துக்கு வருகிறேன். என் பேச்சில் முக்கியமான பாகம் இதுவே. கொடுமை செய்பவன் முன்பின் தெரியாத அந்நியன் என்று நினைப்பது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. உண்மையில் அவன் பெரும்பாலும் குழந்தை அறிந்தவன். பல சமயங்களில் உறவினன். சில சமயங்களில் சோறு போடுகிறவன். குழந்தை உண்மையைச் சொன்ன அன்றே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தாய் அழுகிறாள், சம்பாதித்துக் கொண்டுவந்தவன் சிறையில், வாடகைக்கு வழியில்லை, மாமியார் வீட்டார் குழந்தையைப் பொய்க்காரி என்கிறார்கள். இத்தனைக்கும் தானே காரணம் என்று அந்தப் பிஞ்சு மனம் நம்பிவிடுகிறது. சில நாளில் “நான் சொன்னது பொய்” என்று மாற்றிச் சொல்லிவிடுகிறது. ரகசியம், நிராதரவு, அடங்கிப்போதல், தாமதித்துத் தயங்கிச் சொல்லுதல், கடைசியில் சொன்னதை வாபஸ் வாங்குதல் என்ற இந்த ஐந்து படிகளையும் ரோலண்ட் சம்மிட் என்ற மனநல மருத்துவர் 1983-லேயே வகுத்து எழுதினார். குழந்தை சொல்வது மெய்யா பொய்யா என்று தீர்ப்பதற்குரிய அளவுகோலாக அதைக் கொள்ளலாகாது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் குழந்தை ஏன் தாமதிக்கிறது, ஏன் பின்வாங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள அது பெரிதும் உதவியது.

ஆகவேதான் இந்த மையங்களில் குடும்பத்துக்கென்றே ஓர் ஊழியர் இருக்கிறார். குழந்தை உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது, வெளியே கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் தாயின் பக்கத்தில் அவர் அமர்கிறார். அரசாங்கம் கொடுக்கும் நஷ்டஈட்டுக்கு மனு எழுதவும், வீடு மாறவும், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறியவும் மாதக்கணக்கில் துணை நிற்கிறார். குழந்தைக்கு நடக்கும் மனநலச் சிகிச்சையில் தீங்கிழைக்காத பெற்றோரையும் சேர்த்தே பயிற்றுகிறார்கள். பெற்றவளின் முகத்தில் நம்பிக்கையைக் கண்ட குழந்தைதான் விரைவில் தேறுகிறது. இதைத் தர்ம கைங்கரியம் என்று எண்ணுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தாயின் வாடகைக்கு வழி செய்யாத சர்க்கார், தன் முக்கிய சாட்சியைத் தானே ஊமையாக்குகிறது என்று நான் சொல்வேன்.

அமெரிக்க முறைக்கு ஒரு குறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் தனக்கு எதிராகச் சாட்சி சொல்பவரை நேரில் சந்திக்கலாம் என்பது அந்நாட்டு அரசியல் சட்டம் தந்த உரிமை. அதனால் மையத்தில் எவ்வளவு செம்மையாகப் பதிவு செய்தாலும், வழக்கு விசாரணைக்கு வரும்போது குழந்தை பெரும்பாலும் கூண்டேறத்தான் வேண்டியிருக்கிறது. பயிற்சி பெற்ற நாய் ஒன்றைக் குழந்தையின் காலடியில் படுக்க வைத்துத் தைரியம் அளிக்கும் அளவுக்குச் சில நீதிமன்றங்கள் இறங்கி வந்திருக்கின்றன என்பது கேட்க வேடிக்கையாக இருந்தாலும், அதைச் செய்தவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஐஸ்லாந்து என்ற சிறு தீவுநாடோ, அமெரிக்க மையங்களைப் பார்த்துக் கற்று, 1998-இல் ரெய்க்யாவிக் நகரில் பார்னாஹூஸ் என்ற இல்லத்தைத் திறந்தபோது ஒரு படி மேலே போய்விட்டது. அங்கே நீதிபதியின் மேற்பார்வையிலேயே குழந்தையிடம் கேட்கிறார்கள். எதிரியின் வக்கீலும் அடுத்த அறையில் இருந்து கேட்டு, தம் கேள்விகளையும் அனுப்பலாம். அந்தப் பதிவே பின்பு நீதிமன்றத்தில் சாட்சியமாகிறது. எதிரியின் உரிமையும் கெடவில்லை, குழந்தையும் கூண்டேறவில்லை. ஸ்வீடனும் நார்வேயும் டென்மார்க்கும் அதைப் பின்பற்றின.

நம் நாட்டில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கென்று 2012-இல் வந்த போக்சோ சட்டம் எழுத்தளவில் மிகுந்த பரிவுடையது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி வந்து எழுத வேண்டும். வக்கீல்கள் குழந்தையை நேரே கேளாமல் நீதிபதி மூலமாகவே கேட்க வேண்டும். நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப அழைக்கலாகாது. எதிரியின் முன் நிறுத்தலாகாது. இவ்வளவும் இருக்கின்றன. ஆயினும் இச்சட்டம் போலீஸுக்கு ஒரு பிரிவிலும், டாக்டருக்கு ஒரு பிரிவிலும், நீதிபதிக்கு ஒரு பிரிவிலும் தனித்தனியே புத்தி சொல்லுகிறதே தவிர, எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கவில்லை. ஹைதராபாத் நகரப் போலீஸார் 2016-இல் தொடங்கிய பரோசா மையம் அத்தகைய கூரையை அமைத்த நல்ல முயற்சி. அது மாவட்டந்தோறும் வர வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

அதுவரையில், இந்த அவையில் இருக்கும் பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தை உங்களிடம் வந்து சொன்னால், முழுவதும் கேளுங்கள், துருவிக் கேட்காதீர்கள், அது சொன்ன வார்த்தைகளையே அன்றே எழுதி வையுங்கள், அத்தையிடம் சொல்லு, தாத்தாவிடம் சொல்லு என்று அதை ஆள் ஆளாக நிறுத்தாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணுக்கோ போலீஸுக்கோ தெரிவியுங்கள். அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது எவ்வித வழக்கும் தொடர முடியாது. குடும்ப மானம் என்னாவது என்று அஞ்சுகிறவர்களுக்கும் சட்டம் விடை வைத்திருக்கிறது: குழந்தையின் பெயரையோ, முகவரியையோ, பள்ளியையோ, அதன் வீட்டாரைப் பற்றிய விவரத்தையோ எந்தப் பத்திரிகையும் வெளியிடக்கூடாது, குழந்தையின் நன்மையைக் கருதி நீதிபதியே காரணம் எழுதி அனுமதித்தாலன்றி, அந்தத் தடை நீங்காது.