சிலிகாவும் நாமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது, ரம்பா நிலையத்தை அடுத்துச் சிலிகா நம் கண்ணிற் படுகிறது. "கடல், கடல்!" என்று பிள்ளைகள் கூவுகிறார்கள். அது கடலன்று, ஆற்று நீரும் வங்கக் கடலின் உவர்நீரும் கலந்து நிற்கும் காயல். நமக்குச் சோறிட்ட இவ்வொரிய நாட்டின் பெருஞ்செல்வம் அது.

1981ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாகச் சிலிகா ஏற்கப்பெற்றது. ஆயினும், வண்டல் படிந்து முகத்துவாரம் தூர்ந்தது. உவர்ப்புக் குறைந்தது, களைகள் மண்டின, மீன்வளம் வீழ்ந்தது. 1993இல் சீர்கெட்டுவரும் ஈரநிலங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது. கடல்நீர் புகுந்தது, மீன் பெருகிற்று. 2002இல் அப்பட்டியலினின்றும் சிலிகா நீங்கியது.

நீர் மீண்டதுபோல் மனமும் மாறிய ஊர் ஒன்றுண்டு. வடகரையிலுள்ள மங்களாஜோடியில், பனிக்காலத்தில் வந்திறங்கும் ஊசிவால் வாத்து முதலிய பறவைகளைக் கொன்று விற்றே பலர் பிழைத்தனர். பின்னர் அவர்களே பறவைக் காப்புக் குழு அமைத்தனர். பறவையின் இயல்பை வேட்டுவனைவிட அறிந்தவர் யார்? அன்று வலை விரித்தவர்கள் இன்று கோல் ஊன்றிச் செலுத்தும் படகுகளில் வழிகாட்டிகளாய் விளங்குகின்றனர். கொன்ற பறவை ஒருநாள் விலைபோகும்; வாழும் பறவை ஆண்டுதோறும் வாழ்வளிக்கும். கடற்கரைச் சுற்றுலா தரக்கூடிய நல்வாய்ப்பு இதுவே.

ஆனால், இவ்வாய்ப்பைக் கெடுப்பவர்களும் நாமாக இருத்தல் கூடும். சென்ற ஆண்டு சதபாடாவில் நிகழ்ந்ததை மறைக்காது கூறுகிறோம். அங்கு ஐராவதி ஓங்கில்கள் வாழ்கின்றன. டால்பின் என்றால் நம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். ஒலியைக் கொண்டே வழியறிந்து இரைதேடும் உயிர்கள் அவை. "மேலும் பணம் தருகிறோம், அருகில் விரட்டிச் செல்" என்று படகோட்டியை நாம் தூண்டினோம். மோட்டார் முழங்கிற்று, ஓங்கில் மறைந்தது. நம் மற்றொரு படகை ஓட்டிய முதியவரோ தொலைவிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கால்மணி நேரத்தில் இரண்டு ஓங்கில்கள் தாமே எழுந்து மூச்சுவிட்டன. அப்படகிலிருந்த குழந்தைகளே அவற்றைக் கண்டனர். நமக்கு நாணமே மிஞ்சியது.

ஆகவே, வரும் தைத்திங்கள் உலாவில் மூன்றைக் கைக்கொள்வோம்: விரட்டச் சொல்லோம், உள்ளூராரின் படகிலேயே செல்வோம், உணவுப் பொட்டலங்களின் குப்பையை வீட்டிற்கே கொண்டு வருவோம். வந்த நாட்டின் வளத்தைப் பேணுதலும் நன்றி மறவாமையேயாகும்.