ஒன்பது நாள் அரசியின் உண்மை முகம்



இங்கிலாந்துச் சரித்திரம் படித்தவர்கள் ஜேன் கிரே என்னும் இளம் அரசியை அறிவார்கள். ஆறாம் எட்வேட் மன்னர் 1553 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் திகதி காலமானார். மன்னரின் தமக்கை மேரியை விலக்கி, நோதம்பர்லாந்துக் கோமகன் ஜேனை அரியணையில் இருத்த முயன்றார். 10 ஆம் திகதி அரசியென அறிவிக்கப்பட்ட ஜேன், 19 ஆம் திகதி அப்பதவியை இழந்தார். 1554 பெப்ரவரி 12 இல் இலண்டன் கோபுரக் கோட்டையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். பதினாறு அல்லது பதினேழு வயது. பிளேட்டோவைக் கிரேக்க மொழியிலேயே கற்ற அறிவு. இத்தகையவரின் உண்மையான முகம் எது என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

பலர் மனத்திற் பதிந்திருப்பது பிரெஞ்சு ஓவியர் டெலாரோஷ் 1833 இல் தீட்டிய படம். வெண்ணிற ஆடையுடன், கண்கள் கட்டப்பட்ட நிலையில், தலை வைக்கும் மரக்கட்டையைக் கையால் தேடுகிறார் ஜேன். பார்ப்பவர் கண்கள் கலங்கும். ஆயினும் அது அவர் இறந்து 279 ஆண்டுகளின் பின் வரையப்பட்டது. திறந்த வெளியில் நடந்த சம்பவத்தை ஓவியர் இருண்ட மண்டபத்துள் நடத்திக் காட்டுகிறார். அப்படம் நம் இரக்கத்தை எழுப்பலாம், முகத்துக்குச் சாட்சியாகாது.

அவர் காலத்துப் படங்களேனும் உதவுமா? இலண்டன் தேசிய உருவப்படக் கூடம் 1965 இல் ஒரு முழு உருவப் படத்தை வாங்கி, ஜேன் என்ற பெயரில் வைத்திருந்தது. 1996 இல் சூசன் ஜேம்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அப்பெண் அணிந்திருந்த கிரீட வடிவப் பதக்கத்தைக் கவனித்தார். அது எட்டாம் ஹென்றியின் ஆறாம் மனைவி கதரின் பாரின் நகை இடாப்பில் காணப்பட்டது. படமும் கதரினுடையது என்றாயிற்று. அந்தக் கதரினின் இல்லத்தில் வாழ்ந்தவர் ஜேன். 1548 இல் அவருடைய இறுதிச் சடங்கில் முதன்மையாகத் துக்கம் காத்தவரும் ஜேனே.

அதே கூடம் 2006 இல் பெற்ற இன்னொரு படத்தில் ஜேனின் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பலகையின் மர வளையங்களை ஆராய்ந்தபோது, அது 1590 களைச் சேர்ந்ததெனத் தெரிந்தது. ஆதலால் அது நேரிற் பார்த்து வரைந்த படமன்று. முந்திய ஒன்றின் பிரதியாகலாம். அதன் கண்களையும் வாயையும் யாரோ வேண்டுமென்றே கீறியிருக்கிறார்கள்.

2025 இல், றெஸ்ற் பார்க் மாளிகைக்குரிய மற்றொரு படத்தின் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. பலகை 1539 க்கும் 1571 அளவுக்கும் இடைப்பட்ட காலத்தது. உடை பின்னர் மாற்றி வரையப்பட்டது. அதிலும் கண்கள் கீறப்பட்டிருந்தன. இது ஜேனாக இருக்கலாம் என்றார்களே யன்றி, ஜேன்தான் என்று அறுதியிடவில்லை. கற்றோர்க்கு அழகான அடக்கம் இதுவே.

அன்பர்களே! நாம் யாரை நேசிக்கிறோமோ அவருக்கு ஒரு முகம் வேண்டுமென மனம் அவாவுகிறது. கிடைத்த முகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியும் விடுகிறது. அப்படிச் சூட்டினால் இருவருக்கு அநீதி செய்கிறோம்: ஜேனுக்கு அந்நியர் முகத்தைக் கொடுக்கிறோம், படத்திலுள்ள பெண்ணிடமிருந்து அவள் பெயரைப் பறிக்கிறோம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும். யார் வரைந்தார், எப்போது வரைந்தார், பெயரை எழுதியவர் யார் என்ற மூன்று வினாக்களையும் எந்தப் படத்தின் முன்னும் நாம் கேட்கப் பழக வேண்டும்.

ஜேனின் முகம் உறுதியாகக் கிட்டவில்லை. அவர் கையெழுத்தோ கிட்டியிருக்கிறது. பிரித்தானிய நூலகத்திலுள்ள சிறிய செபப் புத்தகமொன்றின் ஓரங்களில், கோட்டைக் காவலதிகாரிக்கு அவர் எழுதிய சொற்கள் இன்றும் உள்ளன. அவரை அறிய விரும்புவோர் அங்கே தொடங்கலாம்.